சாமான் அறையில் பின்தங்கியவள்

ஜோவெலின் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுச் சாமான் அறையை ஒழுங்குபண்ண வந்தாள். மூன்று நாள் போதுமா என்று நோட்டில் இரண்டு தடவை எழுதிப் பார்த்தாள். போதும் என்றே வந்தது. அப்புறமும் மனம் ஒப்பாமல் நாலாம் நாள் மதியம் வரைக்கும் கேட்டு வாங்கினாள். லாவாக் நகரத்து மருந்துக்கடை ஒன்றில் அவளுக்குச் சரக்கறை வேலை. எந்த மாத்திரை எந்தத் தட்டில், எது முதலில் காலாவதியாகும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. மாலையில் உணவுப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அக்டோபரில் தேர்வு.

அந்த அறை அடுக்களைக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்ததும் பூண்டு வாசனை முகத்தில் மோதும். அதற்குப் பின்னால் கரும்பு வினிகரின் புளிப்பு, அதற்கும் பின்னால் மண்ஜாடியில் நொதித்துக்கொண்டிருக்கும் உப்பு மீன். அப்பாவும் அம்மாவும் இருந்த காலத்திலேயே அப்படித்தான். இப்போது அரிசிச் சாக்கில் வண்டு, பாசிப்பயறில் ஓட்டை, எலி கடித்த மாவுப் பொட்டலம், என்றைக்கு வாங்கியது என்று யாருக்கும் தெரியாத கருவாட்டுக் கட்டு. இவற்றுக்கு நடுவே கோபுரம் கோபுரமாக ஐஸ்கிரீம் டப்பாக்கள். இங்கே எந்த வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தாலும் உள்ளே மீன்தான் இருக்கும். பிள்ளைகள் அந்த ஏமாற்றத்தோடுதான் வளர்வார்கள். அக்கா லியோனிதாவிடம் அப்படி நாற்பத்தொரு டப்பா இருந்தது. ஜோவெலின் எண்ணினாள், பிறகு இன்னொரு தடவை எண்ணினாள்.

அவள் வாங்கி வந்தவை சதுர டப்பாக்கள். வட்ட டப்பா மூலைகளில் இடத்தைத் தின்னும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும். மூடியில் ரப்பர் வளையம், நாலு பக்கமும் அழுத்தி மூடும் கிளிப். அழுத்தினால் டக், டக், டக், டக் என்று நாலு சத்தம். நாலும் கேட்டால்தான் காற்றுப் புகாது.

லியோனிதா வாசலிலேயே நின்று அந்த மூட்டைகளைப் பார்த்தாள். தங்கையைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். புருஷன் ரெனாத்தோ கத்தாரில் வெல்டராக இருந்தான். வந்துபோய் நான்கு வருஷம். குழந்தை இல்லை. அந்தப் பெரிய வீட்டில் அவளும் ஒரு ரேடியோவும்தான்.

"மருந்துக்கடையையே தூக்கிட்டு வந்துட்டியா ஆடிங்?" என்றாள். தங்கையை அங்கே ஆடிங் என்பார்கள். "பயறுக்குச் சளி புடிச்சா எந்த மாத்திரைன்னும் அதுலயே ஒட்டிடு."

முதல் நாள் முழுக்க அறையைக் காலிசெய்வதிலேயே போயிற்று. இரண்டாம் நாள் பயறையும் அரிசியையும் பாயில் கொட்டி வெயிலில் காயவைத்து, சூடு ஆறும்வரை காத்திருந்து அடைத்தாள். சூட்டோடு மூடினால் மூடிக்கு உள்ளே வேர்க்கும், வேர்த்தால் பூசணம். அரிசி டப்பாவில் பிரிஞ்சி இலை போட்டாள். பழையது முன்னால், புதியது பின்னால். ஒவ்வொன்றிலும் காகித டேப் ஒட்டிப் பெயரும் வாங்கிய தேதியும் எழுதினாள். தேதியை லியோனிதா யோசித்து யோசித்துச் சொன்னபோதெல்லாம் ஜோவெலின் பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி போட்டு உள்ளே கேள்விக்குறி வைத்தாள். பாசிப்பயறு, ஜூலை 12 (?). நோட்டிலும் அவளுக்கு அதே பழக்கம்தான். உறுதியாகத் தெரியாத எதையும் தெரிந்ததுபோல எழுத அவளுக்குக் கை வராது.

சண்டை வந்தது ஐஸ்கிரீம் டப்பாக்களில்தான். தூக்கிப் போடலாம் என்றாள் ஜோவெலின். நல்ல டப்பாவை யாராவது போடுவார்களா என்றாள் லியோனிதா. சாப்பாட்டு நேரம்வரை இழுத்தது. கடைசியில் அவை அப்படியே கீழ்த்தட்டில், பிரிக்காமல், அடுக்காமல் கிடந்தன.

நாலாம் நாள் மதியம் லாவாக்குக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்னி வண்டி ஹாரன் அடித்தபோது ஜோவெலின் அறைக்குள் இருந்தாள். மூடிகளை மூன்றாவது தடவையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தட்டுக்கு வந்திருந்தாள். அதை விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். லியோனிதா ஒரு பொட்டலம் அரிசிப் பலகாரத்தை அவள் கையில் திணித்தாள். வண்டி நகர்வதற்குள் திரும்பி உள்ளே போய்விட்டாள். சொந்த வீட்டு ஆளை யாரும் வாசலில் நின்று வழியனுப்புவதில்லை.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆற்றில் குளித்துவிட்டுக் கரையேறும்போதும், காட்டில் சுள்ளி பொறுக்கிவிட்டுத் திரும்பும்போதும், அடுத்தவர் வீட்டிலிருந்து கிளம்பும்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். வா, போகலாம், பின்தங்காதே என்பார்கள். உடம்பு வண்டி ஏறிவிடும். உள்ளே இருப்பது எதையாவது பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். அதனால் வீட்டுக்காரர்கள் விருந்தாளியின் பெயரைச் சொல்லி, அவரை மிச்சமில்லாமல் அனுப்பிவைப்பார்கள். சொந்த வீட்டில் மட்டும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால், இது உன் வீடு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும்.

லாவாக்கில் அவள் வாடகைக்கு இருந்த அறையில் அன்று மாலை அந்தப் பலகாரத்தைச் சாப்பிட்டாள். ஈரத் துணியை மெல்லுவதுபோல இருந்தது. நேரமாகிக் கெட்டிருக்கும் என்று நினைத்தாள். மறுநாள் தெருமுனைக் கடைச் சூப்பும் அப்படியே. உப்புப் போட்டாள், இன்னும் போட்டாள், கடைசியில் உப்பையே நாக்கில் வைத்துப் பார்த்தாள். மணல். நோட்டில் எழுதினாள்: ஆகஸ்ட் 10, ருசி இல்லை, ஜலதோஷம் (?).

ஜலதோஷம் இல்லை. பசியும் இல்லை. ஐந்தாம் நாள் மருந்துக்கடையில் முதலாளியம்மா மூன்று தடவை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றிருந்தாள். இரண்டாம் வாரம் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்குப் போட்டாள். காலையில் எழுந்தால் விரல்நுனிகளில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. அவள் அறையில் மாவே கிடையாது. கழுவினாள், நோட்டில் எழுதினாள், பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடு என்றார்.

அக்கா ஒரு நாள் போனில் படம் அனுப்பினாள். சாமான் அறையின் அலமாரிகள். 'இன்னும் சுத்தமா இருக்கு பாரு' என்று கீழே எழுதியிருந்தாள். ஜோவெலின் சந்தோஷப்பட்டுப் படத்தைப் பெரிதாக்கினாள். கீழ்த்தட்டில் ஐஸ்கிரீம் டப்பாக்கள் அளவு பார்த்து அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் காகித டேப். கருவாடு, ஆகஸ்ட் 14. பூசணி விதை, ஆகஸ்ட் 17 (?).

அவள் கிளம்பியது ஒன்பதாம் தேதி. அக்கா தன்னைப் பார்த்துத் தன் எழுத்தைப் பழகியிருப்பாள் என்று முதலில் சொல்லிக்கொண்டாள். ஆனால் அக்காவின் கையெழுத்து சாய்ந்து ஓடும். இது நிமிர்ந்து நின்றது. அதோடு அந்த அடைப்புக்குறி. லியோனிதா வாழ்நாளில் எதற்கும் கேள்விக்குறி போட்டவள் இல்லை.

மாதம் பிறந்த முதல் ஞாயிறு, சொல்லாமலே கிளம்பிப் போனாள். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. அடுக்களையில் கால் வைத்ததும் மூன்று வாரமாகக் காணாமல்போன பூண்டு வாசனை மூக்கில் ஏறியது. கதவைப் பிடித்துக்கொண்டாள். மேஜையில் இரண்டு தட்டு வைத்திருந்தது.

"யாரு மானாங் வராங்க?" என்றாள். அக்காவை அவள் மானாங் என்றுதான் கூப்பிடுவாள்.

"நீதான்" என்றாள் லியோனிதா, அவள் முகத்தைப் பார்க்காமல். முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் திரும்பப் போய் அலமாரி மேல் உட்கார்ந்திருந்தது.

வருவதாகச் சொல்லவே இல்லையே என்று ஜோவெலின் கேட்க வாயெடுத்தாள். அப்போது சாமான் அறையிலிருந்து சத்தம் கேட்டது. டக், டக், டக், டக். சற்று இடைவெளி. மறுபடி நாலு.

"உள்ள யாரு?"

லியோனிதாவின் விரல்கள் நிற்கவில்லை. "மத்தியானம் ஒருவாட்டி சரிபார்க்கும். எப்பவும் இரண்டாவது தட்டுலேருந்துதான் ஆரம்பிக்கும்."

"எது?"

"நீ விட்டுட்டுப் போனது."

ஜோவெலின் கதவைத் தள்ளி உள்ளே போனாள். விளக்கைப் போட்டாள். யாரும் இல்லை. எல்லாம் அவள் விட்டுப்போனதைவிட நேர்த்தியாக இருந்தது. டப்பாக்களின் முனைகள் நூல் பிடித்ததுபோல ஒரே கோட்டில். தரையில் மெல்லிய மாவுப் பூச்சு. அதில் காலடிகள். இடது காலின் சுண்டுவிரல் பதியவில்லை. ஏழு வயதில் அம்மி விழுந்து வளைந்த பிறகு ஜோவெலினின் சுண்டுவிரல் தரையைத் தொட்டதில்லை. காலடிகள் தட்டிலிருந்து தட்டுக்குப் போயின, சுற்றி வந்தன, மறுபடி இரண்டாவது தட்டுக்குப் போயின. கதவை நோக்கி ஒன்றுகூட வரவில்லை.

 அந்த இடத்தில் நின்றபோது வினிகரின் புளிப்பில் அவள் வாயில் எச்சில் ஊறியது. கண்ணில் வழிந்தது உதட்டில் பட்டு உப்புக் கரித்தது. அங்கே அவள் முழுசாக இருந்தாள். ஒரு அடி வெளியே வைத்துப் பார்த்தாள், வாசனை மங்கியது. உள்ளே வைத்தாள், திரும்பியது. மூன்று தடவை சோதித்தாள்.

பிறகு தானே கூப்பிட்டுப் பார்த்தாள். "ஜோவெலின், வா, போகலாம்." வாயிலிருந்து வந்தபோது அது கேள்வி மாதிரித்தான் வந்தது. அவளுடைய முதுகுக்குப் பின்னால், மூன்றாவது தட்டில், நாலு கிளிப் ஒவ்வொன்றாக அழுந்தின.

அடுக்களைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். லியோனிதா சோறும் பாகற்காய்க் குழம்பும் முன்னால் வைத்தாள். எப்போது தெரியும் என்று கேட்டதற்கு, நீ போன மறுநாளே என்றாள். பயந்துதான் போனாளாம். பிறகு ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்காதபோது அதைவிடப் பயந்தாளாம்.

"அன்னைக்கே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பியிருக்கலாமே மானாங்."

"உன்னை எப்படிக் கூப்பிடுவேன்? அம்மா உன்னைப் பெத்த வீடு இது. விருந்தாளியாட்டம் பேர் சொல்லி அனுப்பச் சொல்றியா?" சிதறிக் கிடந்த பூண்டுத் தோலைக் கூட்டி முறத்தில் தள்ளினாள். "முதல்ல அதுக்குத்தான் கூப்பிடல. அப்புறம்... வீட்டுல ஒரு ஆள் நடமாட்டம் இருந்துச்சு."

ஜோவெலின் சோற்றைப் பிசைந்தாள். சொல்ல வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்காரி கூப்பிட்டால் வரும். ஆனால் கூப்பிடச் சொல்லிக் கேட்பதே, இது என் வீடு இல்லை என்று தன் வாயால் ஒப்புக்கொள்வது. லாவாக்கில் ஆறு வருஷமாக வாடகை கொடுத்து இருந்தும், ஒரு படிவத்திலும் அந்த முகவரியை அவள் நிரந்தரம் என்று எழுதியதில்லை.

லியோனிதா முந்திக்கொண்டாள். இங்கேயே இருந்துவிடேன் என்றாள். ஊரில் மருந்துக்கடை இல்லையா, அந்தப் பரீட்சையை அடுத்த வருஷம் எழுதக் கூடாதா. வந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் முகம் தெளிந்திருக்கிறது பார் என்றாள். அதில் பொய் இல்லை. ஜோவெலின் இரண்டாவது தட்டுச் சோற்றில் இருந்தாள். ஒரு கணம், இருந்துவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. அக்காவும் தானும் அந்தச் சத்தமும். மத்தியானம் அலமாரியில் இரண்டாவது தட்டு, அப்புறம் மூன்றாவது.

தண்ணீர் எடுக்க எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே சதுர டப்பாக்கள் அடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் சாப்பாடு. சோறு, ஒரு துண்டு மீன், ஓரத்தில் கறி. மூடிகளுக்கு உள்ளே நீர் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

அதற்குத் தினமும் தட்டு வைத்ததாக லியோனிதா சொன்னாள். அது சாப்பிடவில்லையாம். அவள் கை கழுவித் திரும்புவதற்குள் தட்டு காலியாகி, சாப்பாடு டப்பாவில் அடைபட்டு ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்குமாம். திறந்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லையாம்.

"சூட்டோட மூடியிருக்கு" என்றாள் ஜோவெலின். "நான் சூட்டோட மூட மாட்டேன்."

ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் தேதிவாரியாக வரிசை வைத்தாள். ஜோவெலின், ஆகஸ்ட் 10. ஜோவெலின், ஆகஸ்ட் 11. பதினைந்தாம் தேதி வரைக்கும் எழுத்து நிமிர்ந்து நின்றது. அதற்குப் பிறகு ஜோவெலின் (?). இருபத்திரண்டில் பெயரில் கடைசி எழுத்து விட்டுப்போயிருந்தது. இருபத்தாறில் முதல் எழுத்து மட்டும். கடைசி டப்பாக்களில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. டேப்பின் நடுவில் ஒரு அடைப்புக்குறி, உள்ளே கேள்விக்குறி.

லியோனிதா அந்தக் கடைசி டப்பாவைக் கையில் எடுத்தாள். டேப்பை நகத்தால் தடவினாள். பிறகு எதிரே நின்றவளின் கழுத்தெலும்பைப் பார்த்தாள், இடுப்பில் ஊக்குப் போட்டிருந்ததைப் பார்த்தாள். இன்னும் ஒரு வாரம் போனால் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் உள்ளே இருப்பது அது தன்னுடைய பெயர் என்று திரும்பாது. இரண்டு பேருக்கும் அது புரிந்தது.

"மூணு மணி வண்டி இருக்கு" என்றாள் லியோனிதா. "பையை எடு."

சோற்று அகப்பையை எடுத்துக்கொண்டு சாமான் அறை வாசலில் போய் நின்றாள். கதவுநிலையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஜோவெலின், வா, போகலாம் என்றாள். உள்ளே சத்தம் நிற்கவில்லை. இன்னொரு தட்டு. ஜோவெலின், பின்தங்காதே, வா. உள்ளே அலமாரியின் நாலாவது தட்டில் டப்பா நகரும் ஓசை, அவ்வளவுதான்.

லியோனிதா கதவுநிலையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஜோவெலின் பின்னால், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அக்காவின் முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது. அதைச் சொல்ல வேண்டாம், நான் இருந்துவிடுகிறேன் என்று சொல்லிவிடத் துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை லியோனிதா மெதுவாகத்தான் தட்டினாள்.

"ஜோவெலின். இது உன் வீடு இல்ல. இது என் வீடு. நீ வந்தே, சாப்பிட்டே, வேலையெல்லாம் முடிச்சுட்டே. உன் வீடு லாவாக்குல இருக்கு. உன் வீட்டுக்குப் போ, ஆடிங்."

உள்ளே டக், டக், டக் என்று மூன்று சத்தம் கேட்டது. நாலாவது வரவில்லை.

ஜோவெலினின் கணுக்காலை ஏதோ குளிர்ச்சி உரசிக்கொண்டு போனது. இப்படிக் கூப்பிட்டுக் கிளம்பினால் வண்டி ஏறி உட்காரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். நடந்தாள். அடுக்களை, கூடம், முற்றம். பின்னால் லியோனிதா அகப்பையால் சுவரையும் கதவையும் தட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தடவை பெயர். முற்றத்து ஈர மண்ணில் தன் காலடிச் சத்தம் இரட்டையாகக் கேட்பதுபோல இருந்தது. வாசலைத் தாண்டியபோது ஒற்றையாயிற்று.

ஜீப்னி வந்து நின்றது. படியில் ஒரு கால் வைத்தபோது அவளுக்கு அந்த நாலாவது கிளிப் ஞாபகம் வந்தது. ஒரு டப்பா ஒரு பக்கம் திறந்து கிடக்கிறது. அரிசியா, பயறா, எந்தத் தட்டு. ஒரு நிமிஷம் போதும், போய் அழுத்திவிட்டு வந்துவிடலாம். கால் தானாகக் கீழே இறங்கப் பார்த்தது.

"மானாங்" என்றாள், திரும்பாமல். "ஒரு டப்பா சரியா மூடல."

"வண்டு தின்னா தின்னட்டும். ஏறு."

ஏறினாள். உட்கார்ந்த பிறகுதான் எதிர் இருக்கையில் ஒரு அம்மாள் மடியில் வைத்திருந்த பொட்டலத்தின் வாசனை வந்தது. எண்ணெயில் பொரித்த பூண்டுத் தொத்திறைச்சி. ஜோவெலினின் கண் அந்தப் பொட்டலத்தை விட்டு நகரவில்லை. இப்போதுதான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டிருந்தாள். மூன்று வாரப் பசி அதற்குக் கீழே கிடந்தது. அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு துண்டைக் கிள்ளி நீட்டினாள். உப்பு, பூண்டு, ஓரத்தில் வினிகர். ஜோவெலின் நன்றிகூடச் சொல்லாமல் மென்றாள்.

வண்டி நகர்ந்தது. பின்பக்கத் திறப்பு வழியாக வாசல் தெரிந்தது. வழக்கமாக இதற்குள் லியோனிதா உள்ளே போயிருப்பாள். இன்றைக்கு மழையில் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், விருந்தாளி கண்ணுக்கு மறையும்வரை வீட்டுக்காரர்கள் நிற்பதுபோல.